விமானம் எப்போது போய்ச் சேரும்? நீங்களே கணக்கிடலாம்

மேற்படிப்புக்கோ வேலைக்கோ பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்பங்கள் எங்கள் திண்டுக்கல் பக்கம் நிறைய உண்டு. "லண்டன் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று எனக்கு அடிக்கடி போன் வரும். சாப்ட்வேர் இன்ஜினியர் என்றால் விமானமும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை! உங்கள் வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம்.

பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து சென்னை விமான நிலையத்தைத் தேடுங்கள். அதன் மேல் மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்தால் ஒரு மெனு வரும். அதில் 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மவுஸ் சக்கரத்தை உருட்டி மேப்பைச் சிறிதாக்கி, லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். சுமார் 8,230 கி.மீ. என்று காட்டும்.

கோடு வளைந்து தெரிகிறதே என்று திகைக்க வேண்டாம். பூமி உருண்டை; மேப் தட்டை. ஒரு கமலா ஆரஞ்சின் மேல் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும். அந்தக் கோடுதான் மிகக் குறுகிய வழி. அது பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல் வழியாகப் போகிறது.

அடுத்து விண்டோஸ் கால்குலேட்டர். ஜெட் விமானத்தின் சராசரி வேகம் மணிக்கு 850 கி.மீ. என்று வைத்து 8230ஐ வகுத்தால் 9.68 வரும். இது 9 மணி 68 நிமிடம் அல்ல! 0.68ஐ 60ஆல் பெருக்குங்கள், 41 நிமிடம். ஏறி இறங்க அரை மணி நேரம் சேருங்கள். மேற்கே போகும்போது எதிர்க்காற்று இருப்பதால் பத்தரை முதல் 11 மணி நேரம் வரை ஆகலாம். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும். வான்வெளி மூடப்பட்டால் கணக்கு மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தடை போட்டதும், டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

பலரும் தவறுவது டிக்கெட்டைப் படிப்பதில்தான். எங்கள் தெருவில் ஓர் அத்தை. ஜனவரியில் மகன் லண்டன் கிளம்பினான். டிக்கெட்டில் புறப்பாடு காலை 5.30, சேரும் நேரம் 11.00. ஐந்தரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிட்டார். பகல் 12 மணிக்கும் போன் சுவிட்ச் ஆஃப். அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டார். "அத்தை, அந்த 11 மணி லண்டன் மணி. நமக்கு அப்போது சாயங்காலம் நாலரை. அவன் இன்னும் வானத்தில்தான் இருக்கிறான், சாப்பிடுங்கள்" என்றேன். அதன் பிறகுதான் உலையே வைத்தாராம்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகும். லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம்தான். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். டாஸ்க்பாரில் உள்ள கடிகாரத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, தேதி, நேரம் மாற்றும் பகுதிக்குள் சென்று 'அடிஷனல் கிளாக்ஸ்' தேர்ந்தெடுங்கள். 'ஷோ திஸ் கிளாக்' கட்டத்தில் டிக் செய்து, லண்டனைத் தேர்வு செய்து ஓகே கொடுங்கள். இனி கடிகாரத்தைத் தொட்டாலே இரண்டு ஊர் நேரமும் தெரியும்.

மதுரையில் ஏறி சென்னையில் விமானம் மாறுபவர்கள் ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். இறங்கிய பிறகும் இமிக்ரேஷன், பெட்டி எடுப்பது என்று ஒரு மணி நேரமாவது போகும். போனை அதன் பிறகு எதிர்பாருங்கள்.