சக சைக்கிள்காரரின் தவறைத் தட்டிக் கேட்கலாமா?

தோப்பூர், பள்ளிக்குடியிருப்பு, கிளிவெட்டி, மூதூர்ப் பகுதிகளில் வயலுக்கும் கூலி வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போக இன்றும் பலருக்குக் கைகொடுப்பது சைக்கிள்தான். 2022ஆம் ஆண்டில் பெற்றோல், டீசல் தட்டுப்பாடு வந்தபோது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்து இருக்கும் குடும்பத்துக்கு அது வெறும் வண்டியல்ல. அன்றாடக் கூலிக்கு வழியும் அதுதான்.

இப்படிச் சைக்கிளை நம்பி வாழும் நமக்குள் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. இருட்டில் ஒருவர் விளக்கில்லாமல் வருகிறார். இன்னொருவர் வலப்பக்கமாக எதிரே வருகிறார். இளைஞர் ஒருவர் உழவு இயந்திரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதிக்காமலே போகிறார். அவர்களும் நம்மைப் போன்ற சைக்கிள்காரர்களே. அவர்களுக்குச் சொல்வதா, அல்லது நமக்கேன் வம்பு என்று பேசாமல் போவதா? இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

வீதி மாறிவிட்டது

முதலில், இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் நமது பகுதியில் வாகனங்கள் குறைவு. மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ-15 வீதியில் ஆறும் களப்பும் குறுக்கிட்ட இடங்களில் ‘பாதை’யில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. எந்த வாகனமும் அங்கங்கே நின்று நின்றுதான் வந்தது. குண்டும் குழியுமான வீதியில் வேகமாக ஓடவும் முடியாது. அப்படிப்பட்ட வீதியில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. நல்ல தரை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓட்டினோம்.

2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. வீதிகளுக்குக் காபெட் போடப்பட்டது. இது நமக்குக் கிடைத்த பெரிய நன்மை. ஆனால் பஸ்ஸும் லொறியும் வானும் இப்போது நிற்காமல், வேகமாக வருகின்றன. வீதி புதிது, நமது பழக்கம் பழையது. 2006இல் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் முகாம்களில் இருந்துவிட்டு, 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்ப் பக்கம் திரும்பிய குடும்பங்களுக்கு இந்த மாற்றம் இன்னும் திடீரென்று வந்தது. எனவே தவறு செய்கிறவர்கள் எல்லோரும் திமிர் பிடித்தவர்கள் என்று எண்ணுவது சரியல்ல.

எது உயிருக்கு ஆபத்தான தவறு?

எல்லாத் தவறும் ஒன்றல்ல. மணி இல்லாத சைக்கிளும் தவறுதான். பிறேக் இல்லாத சைக்கிளும் தவறுதான். ஆனால் பிறேக் இல்லாதது ஆளைக் கொல்லும். இப்படிப் பிரித்துப் பார்த்தால் நான்கு தவறுகள் முன்னுக்கு வருகின்றன.

முதலாவது, இரவில் விளக்கில்லாமல் ஓட்டுவது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். சாரதி நம்மைக் கண்டு, பிறேக்கில் கால் வைக்கவே ஒரு வினாடியாவது செல்லும். அதன் பின் வாகனம் நிற்க இன்னும் 20 மீற்றர் வரை வேண்டும். கறுத்த சாரமும் கறுத்த சேட்டும் உடுத்து, விளக்கில்லாமல் போகிறவர் பல வேளைகளில் அந்தத் தூரத்துக்குள் வந்த பிறகுதான் சாரதியின் கண்ணில் படுவார். பின் மட்காட்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்புக் கண்ணாடி ஒன்று இருந்தால், அதைவிடப் பல மடங்கு தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, வலப்பக்கமாக ஓட்டுவது. “எதிரே வருகிற வாகனம் தெரியும், அதனால் இதுதான் பாதுகாப்பு” என்று பலர் சொல்கிறார்கள். நடந்து போகிறவருக்கு இது பொருந்தும், சைக்கிளுக்குப் பொருந்தாது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் நாம் எதிரே போனால், 60இல் வரும் வாகனத்தோடு சேர்ந்து 75 ஆகிறது. 60 மீற்றர் இடைவெளி மூன்று வினாடிக்குள் முடிந்துவிடும். அதே திசையில் இடப்பக்கமாகப் போனால் வித்தியாசம் 45தான். சாரதிக்கு ஏறக்குறைய ஐந்து வினாடி கிடைக்கும். மேலும், ஒழுங்கையிலிருந்து இடப்பக்கம் திரும்புகிற சாரதி வலப்பக்கம் பார்த்துத்தான் திரும்புவார். தவறான பக்கத்தால் வருகிறவரை அவர் எதிர்பார்க்கமாட்டார்.

மூன்றாவது, உழவு இயந்திரத்தையோ லொறியையோ பிடித்துக்கொண்டு போவது. நான்காவது, கை காட்டாமலும் பின்னால் பார்க்காமலும் வீதிக்குக் குறுக்கே திரும்புவது. சுமை கட்டுவதும் இதோடு சேர்ந்ததே. கரியரில் மண்வெட்டியைக் குறுக்காகக் கட்டினால், பிடி வீதிப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். நீளவாக்கில் கட்டுவதற்கு ஒரு நிமிடம்கூடச் செல்லாது.

இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் சைக்கிள்காரரையும் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் நாம் பேச வேண்டியதற்குக் காரணம் சட்டம் மட்டுமல்ல. இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். உலகம் முழுவதும் 2021இல் இப்படி இறந்தவர்கள் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடந்து போனவர்களும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்களுமே. விதைப்புக் காலத்தில் உழைக்கிறவர் கால் முறிந்து படுத்தால், குத்தகைக்கு எடுத்த வயல் அந்தப் போகம் தரிசாகிவிடும். சேமிப்பில்லாத குடும்பத்தால் அதைத் தாங்க முடியாது. ஆகவே “அவர் உயிர், அவர் பாடு” என்பது சரியான பேச்சல்ல.

ஏன் தயங்குகிறோம்?

நமது தயக்கத்துக்கும் நியாயம் உண்டு. வந்தேறிய இடத்தில் நாம் விருந்தாளிகள் போல இருக்கிறோம். ஊர்க்காரருக்குப் புத்தி சொல்ல நமக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வீதியில் போகிறோம். இரண்டு சைக்கிள்காரருக்கிடையே தொடங்கும் வாய்த்தர்க்கம், சந்திக்குச் சந்தி கதை மாறி, இரண்டு ஊர்ச் சண்டையாகிவிடக் கூடும். 2006இல் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். சம்பூர், ஈச்சிலம்பற்றுத் தமிழ் மக்கள் மட்டக்களப்புப் பக்கம் ஓடினார்கள். அந்த நினைவுகள் உள்ள இடத்தில் வீதியில் சத்தம் போடுவது சிறிய விடயமல்ல.

இன்னொரு ஆபத்தும் உண்டு. “அகதிகள் என்றால் இப்படித்தான்” என்ற பேச்சுக்குப் பயந்து, சிலர் தமது ஆட்களையே நாலு பேர் முன்னால் கடுமையாக ஏசுகிறார்கள். பிறர் நம்மை எப்படி நினைப்பார்கள் என்பதற்காகச் சொல்வது வேறு. அவர் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சொல்வது வேறு. கேட்கிறவருக்கு அந்த வேறுபாடு உடனே விளங்கிவிடும்.

எப்படிச் சொல்வது?

ஓடிக்கொண்டிருக்கும்போது கத்த வேண்டாம். திடுக்கிட்டுத் திரும்புகிறவர் வீதிக்குள் சரிந்துவிடலாம். எதிரே உடனடி ஆபத்து வந்தால் மணியடித்து “லொறி வருது!” என்று எச்சரிப்பது மட்டுமே போதும். மற்றதைக் கடையடியிலோ, காற்றடிக்கும் இடத்திலோ, வயல் வரம்பிலோ சைக்கிளை நிறுத்திய பிறகு பேசலாம்.

தனியாகச் சொல்ல வேண்டும். மனைவி பிள்ளைகள் முன்னால், சந்தியில் நிற்பவர்கள் முன்னால் சொன்னால், அவர் தவறை விட்டுவிட்டு மானத்தைக் காக்கவே பார்ப்பார். ஒரு நேரத்தில் ஒரு விடயத்தை மட்டும் சொல்லுங்கள். முதலில் கேளுங்கள்: “அண்ணே, டைனமோ பழுதா? இரவில் பின்னால வரும்போது உங்களைத் தெரியவே இல்லை.” இதில் குற்றச்சாட்டு இல்லை, கண்டது மட்டுமே இருக்கிறது.

அவர் சொல்லும் பதிலில் காரணம் வெளிப்படும். தெரியாமல் செய்கிறவருக்கு விளக்கம் வேண்டும். வசதியில்லாமல் செய்கிறவருக்கு உதவி வேண்டும். விளக்கு வாங்கக் காசில்லாதவரிடம் சட்டம் பேசுவது வீண். தெரிந்தும் வேண்டுமென்றே செய்கிறவருக்கு, அவர் மதிக்கும் ஒருவர் சொல்ல வேண்டும். வயதானவருக்கு அவர் மகனோ மருமகனோ சொல்லட்டும். வேறு ஊர் இளைஞர் என்றால் அந்த ஊர்ப் பள்ளிவாசல் நிருவாகத்திடமோ, ஆசிரியரிடமோ, கமக்காரர் அமைப்பிலுள்ள பெரியவரிடமோ சொல்லலாம். பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே பழகுகிறார்கள் என்பதால், அவர்களைத் திருத்த முன் வீட்டுச் சைக்கிளைத் திருத்துவது நல்லது.

குடிபோதையில் இருப்பவரோடு பேச வேண்டாம். தனியே போகும் பெண்ணோ பிள்ளையோ, தெரியாத ஆட்களைத் தட்டிக் கேட்கத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் போதும். ஒருவருக்கு இரண்டு தரம் சொல்லியும் கேட்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். விபத்து நடந்துவிட்டால் யார் பிழை என்று விசாரிக்கும் நேரம் அதுவல்ல. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கூடிச் செய்யக்கூடியவை

ஒருவரை ஒருவர் கண்டிப்பதைவிடக் கூடிச் செய்வது இலகு. மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ சிவப்புக் கண்ணாடிகளை மொத்தமாக வாங்கி, தவணை முறையில் கொடுக்கலாம். பெரும்போகம் தொடங்க முன் ஒரு நாள் எல்லோருடைய பிறேக் கட்டைகளையும் சேர்ந்து பார்க்கலாம். அறுவடைக் காலத்தில் வீதி ஓரத்தில் நெல் காயவிடுவதால் சைக்கிள்கள் நடு வீதிக்குத் தள்ளப்படுகின்றன; இதற்கு வேறு தரை ஒழுங்கு செய்யலாம். வேகமாக ஓட்டும் பஸ், லொறிச் சாரதிகளைப் பற்றியும் பொலிசாருக்கும் பிரதேச சபைக்கும் கூட்டாக எழுதலாம். பாரமான வாகனம் ஓட்டுகிறவருக்குப் பொறுப்பும் அதிகம். சைக்கிள்காரரை மட்டும் திருத்தி வீதியைத் திருத்த முடியாது.

ஆகவே, சொல்லலாமா என்ற கேள்விக்கு நமது விடை, சொல்ல வேண்டும் என்பதே. ஆனால் உயிருக்கு ஆபத்தானதை, தனியாக, நின்று, உறவோடு சொல்ல வேண்டும். நமக்கு ஒருவர் அப்படி வந்து சொன்னால் கோபிக்காமல் கேட்கவும் வேண்டும்.

கூடிச் சிந்திக்க

1. நமது ஊரில் இரவில் விளக்கில்லாமல் ஓடும் சைக்கிள்கள் எத்தனை? காரணம் அறியாமையா, வசதியின்மையா?

2. நமது பகுதியில் மிகவும் ஆபத்தான சந்தி அல்லது மதகு எது? அங்கே என்ன செய்யலாம்?

3. வேறு சமூகத்தவர் ஒருவர் நமது தவறைச் சுட்டிக் காட்டினால் நாம் எப்படி ஏற்போம்?

4. அடுத்த கூட்டத்துக்கு முன் நமது வீட்டுச் சைக்கிளில் திருத்தக்கூடிய ஒன்று என்ன?