புதிய தாளுக்குப் பாடத்திட்டம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மூன்றாமாண்டு இளங்கலை மாணவர்களுக்குக் ‘கல்வெட்டியல் அறிமுகம்’ என்ற விருப்பப்பாடம் வருகிறது. பாடத்திட்டம் எழுதும் பொறுப்பு என்னுடையது. படிவத்தில் கற்றல் விளைவு, ப்ளூம் நிலை, கிரெடிட், ஐந்து அலகு என்று ஏகப்பட்ட கட்டங்கள். எதை முதலில் எழுதுவது?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: படிவத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இந்தத் தாளை முடித்த மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதுதான் கற்றல் விளைவு. ‘கல்வெட்டுகளின் முக்கியத்துவத்தை அறிவர்’ என்று எழுதினால் அதை எந்தத் தேர்விலும் சோதிக்க முடியாது. ‘கல்வெட்டில் உள்ள ஆட்சியாண்டைக் கொண்டு கி.பி. ஆண்டைக் கணக்கிடுவர்’ என்று எழுதிப் பாருங்கள். சோழ மன்னர் முதலாம் பராந்தகர் 907-இல் பட்டமேறியவர். உத்திரமேரூர்க் கல்வெட்டு அவருடைய 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எனவே காலம் 921-ஐ ஒட்டியது. இதைக் கேள்வியாகக் கேட்கலாம், மதிப்பெண் போடலாம். கற்றலைப் படிநிலைகளாகப் பிரிக்கும் ப்ளூம் வரிசையில் இது மூன்றாம் நிலை, அதாவது பயன்படுத்துதல். விளைவு தெளிவாக இருந்தால் நிலை தானாக அமைந்துவிடும். நிலையை முதலில் நிரப்பிவிட்டு அதற்கேற்ற வாக்கியத்தைத் தேடுவதால்தான் பல பாடத்திட்டங்கள் உயிரில்லாமல் இருக்கின்றன.

அடுத்து மணிக்கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் கிரெடிட் முறைப்படி, பருவம் முழுக்க வாரம் ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட். செய்முறையானால் வாரம் இரண்டு மணிக்கு ஒரு கிரெடிட். உங்கள் தாளுக்கு மூன்று கிரெடிட் என்று கொள்வோம். மூன்றையும் விரிவுரையாகவே வைத்தால் 15 வாரத்துக்கு 45 மணி. இரண்டு கிரெடிட் விரிவுரை, ஒரு கிரெடிட் செய்முறை என்று பிரித்தால் 60 மணி. நான் இரண்டாவதையே சொல்வேன். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுக்காமல் மைப்படி என்றால் என்னவென்று புரியாது. கோயிலில் எடுப்பதற்கு முன் உரிய துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த வேலையைப் பருவம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் மணியும் கிரெடிட்டும் இப்படி நேராகப் பொருந்தாத தாள்களும் உண்டு. உங்கள் கல்லூரி விதிமுறையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அலகுகளை எழுதும்போது, கேள்வித்தாள் எடுக்கப்போகிறவர் வெளிக் கல்லூரிக்காரர் என்பதை மறக்காதீர்கள். உங்கள் வகுப்பில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது நீங்கள் எழுதிய வரிகள் மட்டுமே. ‘சோழர் காலக் கல்வெட்டுகள்’ என்று ஒரு வரி போட்டால் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் எதிலிருந்தும் அவர் கேட்கலாம். பாதிக்கப்படுவது மாணவர்தான். ஒவ்வொரு காலத்துக்கும் மாங்குளம், பூலாங்குறிச்சி, உத்திரமேரூர், தஞ்சைப் பெரிய கோயில் என்று பெயர் சொல்லி வரையறுங்கள். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் மூன்றையும் ஒரே அலகில் அடைக்காதீர்கள். எழுத்துப் பயிற்சிக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும்.

பாடநூலாக உங்கள் நூலகத்தில் நான்கைந்து பிரதியாவது இருக்கும் தமிழ் நூலைப் போடுங்கள். ஐராவதம் மகாதேவனின் 2003-ஆம் ஆண்டு ஆங்கில நூலும், 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் பார்வை நூல்களாக இருக்கட்டும். விளைவுகளைப் பட்டப்படிப்பின் நோக்கங்களோடு பொருத்தும் அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் வலுவான தொடர்பைக் குறிக்கும் 3-ஐப் போடாதீர்கள். தொடர்பில்லாத இடத்தைக் காலியாக விடுவதில் தவறே இல்லை.

பிறகு பாடத்திட்டக் குழு. அதில் உங்கள் துறையினரோடு வெளிக்கல்லூரி வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி, முன்னாள் மாணவர் ஆகியோர் இருப்பார்கள். கூட்டத்தன்று காலையில் வரைவை மேசையில் வைத்தால் கையெழுத்துதான் கிடைக்கும். இரண்டு வாரம் முன்பே அனுப்பி, ‘எதை நீக்கலாம்?’ என்று கேளுங்கள். சேர்க்கச் சொல்ல எல்லோரும் வருவார்கள். நீக்கச் சொல்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.