இல்லத்தில் விருந்தும் முன்னேற்பாடும்

புதுநன்மை, நிச்சயதார்த்தம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று நம் வீடுகளில் ஐம்பது பேர் கூடும் நாட்கள் வருவதுண்டு. கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையடிவார ஊர்களிலும் அந்நாட்களில் நம் தாய்மார் அடுப்படியிலேயே நின்று களைத்துப்போகின்றனர். வந்தவர்களை வாருங்கள் என்று கேட்கவும் அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. முன்கூட்டியே செய்து வைப்பதுதான் இதற்கு வழி. ஆனால் எல்லாவற்றையும் முதல் நாளே சமைத்துவிட்டால் விருந்து நோயில் முடியலாம். மாணவியரே, எதை முன்னதாகச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று பிரித்தறிவதே இப்பாடம்.

கெடுவதும் கெடாததும்

உணவில் நுண்ணுயிர்கள் பெருக நீர்ப்பசை, இளஞ்சூடு, நேரம் ஆகிய மூன்றும் வேண்டும். முறுக்கில் நீர் இல்லை. அதிரசத்தில் உள்ள நீரை வெல்லப்பாகு பிடித்து வைத்துக்கொள்கிறது. புளிக்காய்ச்சலுக்குப் புளிப்பும் உப்பும் காவல். ஆகவே இவை நாட்பட நிற்கும். சோறு, பருப்பு, கறி, தேங்காய்ப்பால் ஆகியவற்றுக்கு இத்தகைய காவல் இல்லை. இவற்றை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவோ, 5 பாகைக்குக் கீழ் குளிர்ச்சியாகவோ வைக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரமே பொறுக்கும்; 32 பாகையைத் தாண்டும் நம் ஊர்க் கோடையில் ஒரு மணி நேரந்தான்.

“மீண்டும் சூடாக்கினால் சரியாகிவிடும்” என்பது தவறு. அரிசியில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆழமான அண்டாவின் நடுப்பகுதி மெதுவாகவே ஆறும் என்பதால் அங்கேதான் ஆபத்து அதிகம்.

ஐம்பது பேருக்கு ஒரு திட்டம்

உணவுப் பட்டியல்: புளியோதரை, தயிர்சாதம், கோழி வறுவல், சாமைப் பாயசம், அதிரசம், மரவள்ளி வறுவல், ஊறுகாய்.

ஒரு வாரம் முன்பு: 350 கிராம் புளி, அரை லிட்டர் நல்லெண்ணெய் கொண்டு புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை சுண்டக் காய்ச்சி, ஈரமற்ற ஜாடியில் வைக்கவும். பச்சரிசி மாவை வெல்லப்பாகில் கிளறி அதிரச மாவைப் புளிக்கவிடவும்.

இரண்டு நாள் முன்பு: அதிரசம் சுடவும். மரவள்ளியைச் சீவி வறுத்து, நன்கு ஆறியபின் டப்பாவில் மூடவும். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துப்போகும்.

முதல் நாள் மாலை: ஒரு கிலோ வெல்லத்தைக் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டவும். கல்வராயன் மலையில் விளையும் சாமை அரை கிலோ எடுத்துக் கல் நீக்கி வைக்கவும். மசாலாவை அரைத்துக் குளிர்பெட்டியில் வைக்கவும்.

அன்று காலை: முதலில் 2 கிலோ அரிசியைக் குழைய வடித்து ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பால் 4 லிட்டரும் ஒரு குவளைத் தயிரும் சேர்க்கவும், மதியத்திற்குள் அளவாகப் புளித்திருக்கும். அடுத்து 3 கிலோ அரிசியை உதிரியாக வடித்து, அகன்ற தாம்பாளங்களில் பரப்பிப் புளிக்காய்ச்சலைக் கலக்கவும். கோழி 7 கிலோவை அன்றே வறுத்து, உண்ணும்வரை தணல்மேல் வைக்கவும். சாமை ஆற ஆற இறுகும். ஆகவே பாயசத்தைக் கடைசியில் செய்து, இறக்கும்போது தேங்காய்ப்பால் ஊற்றவும்.

பரிமாறுதல்

தட்டு, சோறு, வறுவல், இனிப்பு என்று மேசைமேல் வரிசையாக வைத்து, தண்ணீரை வேறு மூலையில் வைத்தால் நெரிசல் இராது. சிறு பாத்திரங்களில் வைத்து, தீர்ந்ததும் வேறு பாத்திரம் மாற்றுக. பழையதன்மேல் புதியதைக் கொட்டலாகாது. கையில் காயமோ கட்டியோ உள்ளவர் உணவைத் தொடாமல் வேறு வேலை பார்க்கட்டும். முதியோரை உட்காரவைத்து நாமே பரிமாறுவதே பண்பு. மிஞ்சிய சோற்றையும் கறியையும் இரவுக்கு என்று அண்டாவிலேயே விடாமல், சூடு ஆறுமுன் அக்கம்பக்கத்தாருக்குப் பகிர்ந்து கொடுங்கள்.

பயிற்சி: உங்கள் வீட்டில் அடுத்து வரும் விசேஷத்திற்கு நான்கு கட்டங்கள் கொண்ட தாள் ஒன்று எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒருவர் பெயர் இருக்கட்டும். அண்ணன், தம்பி பெயரும் இருக்கட்டும். விருந்தினர் வரும் வேளையில் அம்மா வாசலில் நிற்க முடிந்தால் உங்கள் திட்டம் தேறிவிட்டது.