அப்ரூவல் இருந்தால் போதுமா?

கேள்வி: முடிச்சூர் பக்கம் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். சி.எம்.டி.ஏ. அப்ரூவல் இருப்பதால் பயமே வேண்டாம் என்கிறார் புரோக்கர். நம்பி வாங்கலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: அப்ரூவல் என்பது மனைப்பிரிவு விதிப்படி போடப்பட்டது என்பதற்கான சான்று, அவ்வளவுதான். பத்திரம் சுத்தமா, மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்பதற்கு அது பொறுப்பேற்காது. அந்தப் பக்கம் அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள்.

முதலில் சர்வே எண்ணை வாங்குங்கள். தர மறுத்தால் அந்த மனையை மறந்துவிடுங்கள். ‘அ’ பதிவேட்டில் அது பட்டா நிலமா, ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கா என்று தெரிந்துவிடும். புலப்படத்தில் பக்கத்து எண்களையும் பாருங்கள். வாய்க்கால் மனையை ஒட்டிப் போகலாம். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தில் அந்த எண் குடியிருப்புப் பகுதியா என்பதையும் சரிபாருங்கள். வில்லங்கம் 30 வருடத்துக்குப் போட்டு, தாய்ப்பத்திரத்தோடு வக்கீலிடம் கொடுங்கள்.

பிறகு, நல்ல மழை பெய்த மறுநாள் புரோக்கர் இல்லாமல் போங்கள். பழைய காம்பவுண்டு சுவர்களில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது? மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறார்களா? இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள். அவருக்கு விற்க வேண்டிய மனை எதுவும் இல்லை. சாலையைவிட மனை தாழ்வாக இருந்தால், மண் கொட்டி உயர்த்தும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போர் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் வருகிறதா என்பதையும் விசாரியுங்கள்.

முன்பணம் இதற்கெல்லாம் பிறகுதான்.