முறைப்பெட்டிக்கு எழுதும்போது

நெய்வேலி நடராஜர் கோயிலில் மனுநீதி முறைப்பெட்டி என்று ஒன்று இருக்கிறது. குறையைத் தாளில் எழுதி அதில் போட்டு, ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டு வரலாம். பிள்ளைக்கு வேலை, பெண்ணுக்கு வரன் என்றுதான் பலரும் எழுதுவார்கள். நான் எழுத உட்கார்ந்தது ஒரு நண்பனைப் பற்றி.

1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய ஊர் இது. குவார்ட்டர்ஸின் அளவை வைத்தே அப்பாவின் கிரேடைச் சொல்லிவிடலாம். ‘நாம எந்த இடம்’ என்ற சந்தேகம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்ளும். நானும் அவனும் ஒரே ஐடிஐயில் ஃபிட்டர் படித்தோம். அவன் பர்மனென்ட் ஆனான். நான் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். பிறகு அவன் தங்கை கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை.

‘கான்ட்ராக்ட்காரன்னு ஒதுக்கிட்டான்’ என்றுதான் முதலில் பேனா ஓடியது. சாமிக்கு எழுதுவதாயிற்றே! கண்ணால் கண்டது எது, நானாகக் கோத்துக்கொண்டது எது என்று பிரித்தேன். கண்டது ஒரே வரி: கூப்பிடவில்லை. மீதியெல்லாம் என்மேல் எனக்கிருந்த சந்தேகம், அவன் குரலில் பேசியது. ஆனால் அந்த ஒரு வரி வலித்தது உண்மை. அதை நான் அடிக்கவில்லை.

இப்படி எழுதுவதைப் பற்றி 1986-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனக்காயத்தைப் பற்றி எழுத வைத்தார். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு அந்த நேரத்தில் மனம் இன்னும் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். ஆகவே எழுதிய சூட்டோடு யாருக்கும் போன் போடாதீர்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில் வேண்டவே வேண்டாம்.

நடுவில் ஆள் வைத்துக் கேட்பதும் ஆகாது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த டவுன்ஷிப்பில், ஒரு வார்த்தை இரண்டு வட்டம் தாண்டினாலே வேறு வார்த்தையாகிவிடும். நேரிலேயே சொன்னேன்: “தங்கச்சி கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடலைடா. கஷ்டமா இருந்துச்சு.” ‘ஏன்’ என்று கேட்கவில்லை, கேட்டால் காரணம்தான் வரும், மனசு வராது.

“லிஸ்ட் அப்பா போட்டது. நானாவது சொல்லியிருக்கணும்” என்றான்.

முழுக்க நம்பினேனா? இல்லை. ‘பரவாயில்லைடா’ என்றும் சொல்லவில்லை. பழைய நெருக்கம் இன்னும் வரவில்லை. போன வருஷம் அவன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது முதல் போன் எனக்குத்தான் வந்தது. போனேன்.