கால் வலித்தால் ஓட்டம் நின்றுவிடுமா?

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் என்று ஓர் இடம். அங்கே வராகமூர்த்தி கோயில் இருக்கிறது. பெரிய கோயில் குளமும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் குடியிருந்தார். அவருக்கு வயது 40.

அவருடைய அப்பா சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவர். மகனுக்கும் சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்றது. அதனால் அவர் விடிகாலையில் ஓடத் தொடங்கினார். முதல் வாரம் தினமும் 1 கிலோமீட்டர் ஓடினார். மூன்றாம் வாரம் தினமும் 5 கிலோமீட்டர் ஓடினார். தார் ரோடு. தேய்ந்துபோன ஷூ.

ஒரு நாள் காலில் வலி வந்தது. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரத்தில் வலி. தொட்டால் ஒரு சாண் நீளத்துக்கு வலித்தது.

"இனிமேல் ஓட வேண்டாங்க" என்றார் மனைவி.

"அப்பா காலை நினைச்சுப் பாரு. எப்படி நிறுத்துறது?" என்றார் அவர்.

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அம்மா காலைத் தொட்டுப் பார்த்தார்.

"இதற்கு ஷின் ஸ்பிளிண்ட்ஸ் என்று பெயர். புதிதாக ஓடுகிறவர்களுக்கு வரும். ராணுவப் பயிற்சிக்குப் போகும் வாலிபர்களுக்கும் வரும். எலும்புக்கு உயிர் உண்டு. ஓடும்போது அதன்மேல் பாரம் விழும். ஓய்வு கொடுத்தால் அது தன்னைச் சரிசெய்துகொண்டு பலப்படும். நீங்கள் ஓய்வு கொடுக்கவில்லை. ஈரச் சுவரில் யாராவது பாரம் ஏற்றுவார்களா?"

"அப்படியானால் படுத்துக் கிடந்தால் போதுமா, டாக்டர்?"

"போதாது. வலி அடங்கும். ஆனால் சதைக்குப் பலம் வராது. மறுபடி ஓடினால் வலி திரும்பும். சில வாரம் ஓட்டத்தை நிறுத்துங்கள். சைக்கிள் மிதிக்கலாம். அதோடு இந்தப் பயிற்சிகளைச் செய்யுங்கள்."

1. குதிகால் தூக்குதல்: சுவரைப் பிடித்து நிற்கவும். இரண்டு குதிகாலையும் மெல்லத் தூக்கவும். மெல்ல இறக்கவும். 10 தடவை செய்யவும். பிறகு முழங்காலைச் சற்று மடக்கி, அதேபோல 10 தடவை.

2. விரல் தூக்குதல்: சுவரில் முதுகு சாய்த்து நிற்கவும். பாதம் ஓர் அடி முன்னால் இருக்கட்டும். குதிகாலைத் தரையில் ஊன்றி, விரல் பக்கத்தை மேலே தூக்கவும். 10 தடவை.

3. கெண்டைச் சதை நீட்டுதல்: சுவரில் கை ஊன்றவும். ஒரு காலைப் பின்னால் வைக்கவும். அதன் குதிகால் தரையில் பதியட்டும். 30 எண்ணும் வரை முன்னால் சாயவும். மற்றக் காலுக்கும் செய்யவும்.

"மறுபடி எப்போது ஓடலாம்? சங்குமுகம் கடற்கரை மணலில் ஓடட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"மணலில் கால் புதையும். கெண்டைச் சதைக்கு வேலை கூடும். இப்போது வேண்டாம். சமமான மண் தரை நல்லது. முதலில் 30 நிமிஷம் வலி இல்லாமல் நடக்க வேண்டும். பிறகு 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். எட்டு சின்னதாக வையுங்கள். மறுநாள் வலித்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். தேய்ந்த ஷூவை மாற்றுங்கள்."

கடைசியாக ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: "ஒரே புள்ளியில் கடுமையாக வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போது வலித்தாலோ, நொண்டி நடக்க நேர்ந்தாலோ உடனே வாருங்கள். எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அப்போது பயிற்சியும் செய்யக் கூடாது."

மூன்று மாதம் கழிந்தது. இப்போது அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 3 கிலோமீட்டர் ஓடுகிறார். வலி இல்லை. விடிகாலையில் அப்பா வாசலில் உட்கார்ந்து, மகன் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பதில் சொல்லுங்கள்

1. ஓட்டுநருக்குக் கால் வலி ஏன் வந்தது?
2. ஓய்வு மட்டும் ஏன் போதாது?
3. எந்த வலி வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்?