தரங்கம்பாடி ட்ரிப்: ரெண்டு பேர், ரெண்டு நாள், 12,000 ரூபாய்

போன வருஷம் நானும் மனைவியும் போன ட்ரிப் மூணே நாள்ல முடிஞ்சுது. அதுக்கு வாங்கின கிரெடிட் கார்டு கடன் முடிய ஆறு மாசம் ஆச்சு. தப்பு எங்கேன்னா, முதல்ல ரூமைப் பார்த்தோம், அப்புறம்தான் பணத்தைப் பார்த்தோம். இந்த முறை மாத்தினோம்.

படி 1: தொகை. ஆளுக்கு மாசம் 1,000 ரூபாய். சம்பளம் வந்த மறுநாளே ஆர்டி-க்குப் போயிடும். 6 மாசத்தில் 12,000.

படி 2: இடம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, அலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1706-ல் சீகன்பால்க் வந்திறங்கிய கரை. எல்லாம் நடந்தே பார்க்கலாம். ஊருக்குள் வண்டிச் செலவு மிச்சம்.

படி 3: உச்சவரம்பு.
- சென்னை–மயிலாடுதுறை ரயில், அங்கிருந்து பஸ்: 2,500
- ரூம், 2 இரவு: 5,000
- சாப்பாடு: 2,500
- நுழைவுக் கட்டணம், சில்லறைச் செலவு: 800
- அவசரத்துக்கு: 1,200

வார நாள்ல லீவு கிடைச்சா ரூம் வாடகை குறையுதான்னு கேளுங்க.

இதே 12,000-ஐ கார்டில் தேய்ச்சு கட்டாம விட்டா? மாசம் 3.5% வட்டின்னா முதல் மாசமே 420 ரூபாய் போச்சு. அது ரெண்டு பேரோட ஒரு நல்ல மீன் சாப்பாடு!

ஊர் திரும்பினதும் எங்க வீட்டில் பில் பத்தி சண்டை வரல. அதுதான் உண்மையான லாபம்.